சூத்திரம் தாமதிப்பதேன்?

கணக்கின் விடை சரியாயிருந்தால் மட்டும் போதாது. வேண்டிய வேளையில் அது கிடைத்தலும் வேண்டும். அறுவடை முடிந்தபின் பெய்யும் மழையால் உழவனுக்கு யாது பயன்? இக்காலத்து வணிக நிலையங்களிற் கணினி தரும் அறிக்கைகளுக்கும் இது பொருந்தும்.

முன்னர் நம்மிடம் கற்று, இப்பொழுது மொத்த வியாபார நிலையமொன்றில் இலிகிதராயிருக்கும் பெண்ணொருவர் சில மாதங்களுக்கு முன் நம்மை நாடி வந்தார். அவர் பவர் பிஐயில் அமைத்த விற்பனை அறிக்கை திறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுத்தது. கிளையொன்றைத் தெரிவு செய்தால் மீண்டும் ஒரு நிமிடம். பொறுமையிழந்த முகாமையாளர் அறிக்கையைப் பாராமலே உத்தேசமாகச் சரக்கெடுக்கத் தொடங்கிவிட்டார். காலாவதியான பால்மாப் பெட்டிகள் பண்டகசாலையிற் குவிந்தன. பழியோ அப்பெண்மீது வீழ்ந்தது. "புதிய கணினி வாங்கினால் தீருமா, சேர்?" என வினவினார்.

நோய் இன்னதென்று அறியுமுன் மருந்துக்குப் பணஞ் செலவிடுதல் தகாது. பவர் பிஐ 2015 இற் பொதுப் பாவனைக்கு வந்தது. அதன் சூத்திர மொழியாகிய டாக்ஸ் அதனினும் மூத்தது. அதனுள்ளே இருவர் தொழில் புரிவதாகக் கருதிக்கொள்ளலாம். ஒருவர் பண்டகசாலைக் காப்பாளர்: நிரல் நிரலாகச் சுருக்கி அடுக்கிய தரவுகளைப் பல கைகளால் ஒரே வேளையில் எடுத்துக் கூட்டித் தருவார். மற்றவர் கணக்கர்: எத்துணைச் சிக்கலான கணக்கையுஞ் செய்ய வல்லவர், ஆயினும் ஒற்றைக் கையர். காப்பாளர் செய்யத்தக்கதைக் கணக்கர் தலையிற் சுமத்துவதே பெரும்பாலுந் தாமதத்துக்குக் காரணமாகின்றது.

முதலில் அளந்து பார்த்தோம். பவர் பிஐயிலுள்ள செயற்றிறன் பகுப்பாய்வி, சூத்திரத்துக்குச் சென்ற நேரத்தையும் படம் வரையச் சென்ற நேரத்தையும் வேறுபிரித்துக் காட்டும். டாக்ஸ் ஸ்டூடியோ என்னும் இலவசக் கருவி அதனைப் பின்னும் பகுத்து, இருவருள் எவரிடம் வேலை தேங்குகின்றதெனச் சொல்லும். முன்னர்க் கண்ட விடையைக் கணினி நினைவில் வைத்திருக்குமாதலால், அந்நினைவைத் துடைத்தபின்பே ஒவ்வொரு முறையும் அளத்தல் வேண்டும். அவ்வாறு அளந்தபோது, வேலை கணக்கரிடமே தேங்கியமை தெளிவாயிற்று.

அந்நிலையத்தில் 10,000 ரூபாவுக்கு மேற்பட்ட பற்றுச்சீட்டுக்கு நூற்றுக்கு 5 கழிவு உண்டு. சூத்திரமோ பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறொரு சூத்திரத்தை அழைத்துக் கழிவைக் கணித்தது. அறிக்கை திறக்குந்தோறும் இவ்வேலை முழுவதும் மீள நிகழ்ந்தது. "மொத்தத்தின்மேற் கழிவைக் கணித்தால் விரைந்துவிடுமே" என்றார் அவர். விரையும், ஆனாற் பிழைக்கும். 6,000 ரூபாப் பற்றுச்சீட்டுகள் இரண்டுக்குக் கழிவு இல்லை. அவற்றை 12,000 எனக் கூட்டிவிட்டாலோ 600 ரூபாக் கழிவு எங்கிருந்தோ முளைத்துவிடும்!

எழுதி முடிந்த பற்றுச்சீட்டின் கழிவு இனி மாறப்போவதில்லை. ஆதலால் தரவை ஏற்றும்போதே அதனை ஒருமுறை கணித்துத் தனி நிரலில் வைக்கச் செய்தோம். சூத்திரத்துக்கு எஞ்சியது கூட்டல் ஒன்றே. அது காப்பாளருக்கு எளிய தொழில்.

இன்னொரு சுமையும் இருந்தது. விற்பனை நேரம் செக்கன்வரை திகதியோடு சேர்த்து ஒரே நிரலிற் பதியப்பட்டிருந்தது. ஓராண்டில் 3,15,36,000 செக்கன்கள் உள. அந்நிரலில் ஒன்றையொன்று ஒவ்வாத பெறுமானங்கள் அத்துணை வரை பெருகக்கூடும். பெறுமானங்கள் வேறுபட வேறுபடச் சுருக்குதல் கடினமாகும். திகதியை ஒரு நிரலிலும் நேரத்தை மற்றொன்றிலும் வைத்தால், முன்னதில் 365, பின்னதில் 86,400 என்பதே எல்லை. அறிக்கைக்கு நேரம் வேண்டப்படாமையால் அந்நிரலை அடியோடு நீக்கினோம்.

பழைய அறிக்கையின் தொகைகளையும் புதியதன் தொகைகளையும் மாதம் மாதமாக ஒப்புநோக்கினோம்; சதமும் வேறுபடவில்லை. அறிக்கை அதே பழைய கணினியில் இரண்டு செக்கனுக்குள் திறந்தது. முகாமையாளர் இப்பொழுது அதனைப் பார்த்தே சரக்கெடுக்கின்றாராம்.

தாமதங் கண்டவிடத்துக் கருவியையோ ஆளையோ நோவது எளிது. ஒருமுறை செய்து வைக்கத்தக்க வேலையை நாடோறுஞ் செய்விக்கின்றோமா, பலர் பகிரத்தக்க சுமையை ஒருவர் தோளில் ஏற்றியிருக்கின்றோமா என்று முதலில் வினவுதல் நன்று. அவ்வினாக்கள் கணினிக்கு மட்டும் உரியனவல்ல. நம் அலுவலகங்களிலும் அடுக்களைகளிலுங்கூட அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.