பந்தைத் தொலைக்கிறவன்

“எல்லாம் சரி தம்பி, இத வச்சு நாளைக்குக் காலைல நான் பசங்ககிட்ட என்ன சொல்லணும்?” என்று பி.டி. சார் கேட்டார். என் லேப்டாப்பில் நாற்பது வரிகள் இருந்தன. அந்தக் கேள்விக்குப் பதில் அதில் ஒன்றில்கூட இல்லை.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்று தியாகதுருகம் வந்தவன் நான். அப்படியே தங்கிவிட்டேன். மலைக்கோட்டை தெரிகிற மைதானத்தில் சாயங்காலம் பையன்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது.

ஸ்டாட்ஸ்பாம் என்ற நிறுவனம் ஐ.எஸ்.எல். 2021-22 சீசனின் டேட்டாவை இலவசமாகத் தருகிறது. மொத்தம் 115 ஆட்டங்கள். ஒவ்வொரு பாஸும் ஷாட்டும் எந்த நொடியில், மைதானத்தின் எந்தப் புள்ளியில் நடந்தது என்று அதில் இருக்கும். யாரும் கேள்வி கேட்காமலே அதிலிருந்து முக்கியமானதைப் பொறுக்கி எடுத்து, ஒரு வரித் தமிழில் எழுதித் தருகிற ப்ரோக்ராம் ஒன்றை எழுதினேன்.

சொந்த மைதானத்தில் இந்த அணி இப்படி, வெளியூரில் அப்படி என்று வரிகள் கொட்டின. இரண்டு நாள் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கொரோனாவால் அந்த சீசன் முழுக்க கோவாவில், மூன்றே மைதானங்களில் நடந்தது. லீக் ஆட்டங்களுக்குப் பார்வையாளர்களும் கிடையாது. சென்னையின் எஃப்.சி.க்கு அந்த வருடம் ‘சொந்த மைதானம்’ என்பது அட்டவணையில் இருந்த வெறும் சொல். ப்ரோக்ராமுக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொரு பொறியும் இருந்தது. 11 அணிகள், 20 அளவுகள், 10 சூழல்கள் என்று வைத்தால் 2,200 கேள்விகள். நூற்றுக்கு ஐந்து தற்செயலாக வரலாம் என்று விட்டால், ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட சுமார் 110 ‘கண்டுபிடிப்பு’கள் முளைக்கும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் அடுத்த தப்பைச் செய்தேன். நம்ம பையன்களின் நான்கு ஆட்டங்களை செல்போனில் பதிவு செய்து, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பாஸாகக் குறித்தேன். முதல் வரி இப்படி வந்தது: ‘பந்தை அதிகம் தொலைப்பவன் நடுவில் ஆடும் இடக்கால் பையன்.’ எல்லோர் முன்னாலும் அதை வாசித்தேன். பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அடுத்த வாரம் அவன் பக்கவாட்டிலும் பின்னாலும் மட்டுமே தட்டினான். என் ப்ரோக்ராம் அவனைப் பாராட்டியது. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “என்னப்பா சொன்ன அவங்கிட்ட? பந்த வாங்கவே பயப்படுறான்.”

சார்லஸ் ரீப் ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படைக் கணக்கர். 1950இல் ஸ்விண்டன் டவுன் ஆட்டமொன்றில் பென்சிலும் நோட்டுமாக எண்ண ஆரம்பித்தவர். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸ்களுக்குள் வருகின்றன, அதனால் பந்தைச் சீக்கிரம் முன்னால் அனுப்பு என்றார். ஆனால் ஆட்டத்தில் பெரும்பாலான நகர்வுகளே அவ்வளவு குட்டையானவைதான். எத்தனை நகர்வுக்கு எத்தனை கோல் என்று வகுத்தால் அந்த முடிவு நிற்காது. அதற்குள் இங்கிலாந்தில் பல பயிற்சியாளர்கள் அதை நம்பிவிட்டார்கள்.

நானும் வகுக்கவில்லை. அணியில் அதிகம் பந்து வாங்குபவன் அவன்தான். வாங்கிய கணக்கில் வகுத்தால் அவன் மற்றவர்களைப் போலத்தான். தொலைத்ததிலும் பாதிக்கு மேல் கோலை நோக்கி அடித்த பாஸ்கள். அந்த மாதிரி பாஸை வேறு யாரும் முயற்சிகூடச் செய்யவில்லை.

ப்ரோக்ராமை மாற்றினேன். எத்தனையில் இத்தனை, யாரோடு ஒப்பிட்டு, நாளைக்கு என்ன செய்யலாம் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத வரி வெளியே வராது. நாற்பது வரி இரண்டாகச் சுருங்கியது. ஒன்று, த்ரோ-இன் கிடைத்தால் நம் ஆட்கள் எல்லோரும் பந்தை நோக்கியே ஓடுகிறார்கள், பின்னால் இடம் காலியாகக் கிடக்கிறது என்பது. மறுநாள் காலையே சார் அதற்குப் பயிற்சி வைத்தார்.

அவனிடம் போய், நான் சொன்னது தப்பு, கணக்கை ஒழுங்காகப் போடவில்லை என்றேன். எல்லோர் முன்னாலும்தான்.

“அப்ப முன்னாடி அடிக்கலாமாண்ணா?”

“அடிடா.”

அன்றைக்கு முதல் மூன்று பாஸும் எதிராளி காலுக்கே போயின. சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் செல்போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை.