ராஜமலை: வரையாட்டைக் காப்பாற்றியது துப்பாக்கியா?

போடியிலிருந்து மூணாறுக்குப் போகிற வழியில் போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை வளைவிலும் சித்தப்பா பின் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். முந்தின ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் கண் விழித்திருந்தவர் அவர்.

சித்தப்பாவுக்கு மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர். மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுவார். கடலை பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி வந்துவிடும். ஒரு கூட்டம் நுழைந்தால் விடிவதற்குள் வயலை ஏர் ஓட்டினதுபோல் புரட்டிப் போட்டுவிடும். அதனால் பரணில் படுக்கை, கையில் டார்ச், பக்கத்தில் ஒரு தகர டின். 64 வயதில் இதுதான் அவருடைய ராத்திரி வாழ்க்கை.

"ஒரு நாளாவது எங்களோட வாங்க சித்தப்பா" என்று வற்புறுத்தித்தான் கிளப்பினோம். கல்லூரியில் விலங்கியல் படிக்கிற என் மகளுக்கு ராஜமலையில் வரையாட்டைப் பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்குப் பார்க்க ஆசையே இல்லை. "காட்டு மிருகம் எதையும் நான் காசு கொடுத்துப் பாக்கணுமா? தினமும் வீடு தேடி வருதே" என்றார்.

பத்தடி தூரத்தில் ஒரு வரையாடு

மூணாறிலிருந்து மறையூர் போகிற சாலையில் அரை மணி நேரம் போனால் இரவிகுளம் தேசியப் பூங்காவின் வாசல் வந்துவிடும். சொந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் வனத்துறை பஸ்தான். தேயிலைத் தோட்டம் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து தார்ச் சாலையில் நடை.

ஒரு பக்கம் செங்குத்தான பாறை. எதிரே மடிப்பு மடிப்பாகப் புல் மலைகள். மடிப்புகளின் இடுக்கில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. இந்தப் பூங்காவுக்குள்தான் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி இருக்கிறது. தென்னிந்தியாவில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. 2018-ல் குறிஞ்சி பூத்து நீலமாகக் கிடந்த சரிவுகளும் இவைதான். அடுத்து 2030-ல் பூக்கும்.

சாலை ஓரத்தில் ஒரு தாய் ஆடும் குட்டியும் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களுக்கும் அவற்றுக்கும் பத்தடி தூரம்கூட இல்லை. நூறு பேர் செல்போனை நீட்டுகிறார்கள், அது தலையைக்கூடத் தூக்கவில்லை. கொஞ்சம் மேலே பாறை நுனியில் ஒரு பெரிய கிடா. கறுத்த உடம்பு, முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெள்ளி நிறத் திட்டு. வயதான கிடாக்களுக்குத்தான் இந்தத் திட்டு வருமாம். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் இவற்றுக்கு 'சேடில்பேக்' என்று பெயர் வைத்தார்கள்.

சித்தப்பா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இதுக்கு மனுஷன்னா பயமே இல்லையே?"

"இங்க துப்பாக்கிச் சத்தம் கேட்டு அம்பது வருஷமாச்சு சின்னத் தாத்தா" என்றாள் மகள்.

"அப்போ அதுக்கு முன்னால கேட்டுச்சா?"

அங்கேதான் அன்றைய வாக்குவாதம் ஆரம்பித்தது.

வேட்டைக்காரர்கள் போட்ட வேலி

கேட்டது. இந்த மலையே அந்தக் காலத்தில் வேட்டைக்கென்று ஒதுக்கிவைத்த இடம். கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை போட்ட கம்பெனியின் துரைமார்கள், பயிர் வைக்காமல் விட்ட இந்த உயரமான புல்வெளியில் ஓய்வு நாள்களில் வேட்டையாடினார்கள், ஓடைகளில் மீன் பிடித்தார்கள். 1928-ல் இதைக் கவனிப்பதற்கென்றே ஒரு வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள்.

பெயரே வேடிக்கைதான், வேட்டையாடுகிறவர்கள் நடத்திய பாதுகாப்புச் சங்கம்! ஆனால், அது வெறும் பெயர் இல்லை. கண்டவர்கள் உள்ளே வந்து சுட முடியாது. மலையைச் சுற்றிப் பார்க்க முதுவர் பழங்குடியினரைச் சம்பளத்துக்குக் காவலுக்கு வைத்தார்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறவர்கள் முதுவர்கள். அவர்கள் பேச்சு இன்றும் தமிழுக்கு நெருக்கமானது. அவர்கள் கால் படாத சரிவு இங்கே கிடையாது.

நீலகிரியிலும் இதே கதைதான், இன்னும் ஐம்பது வருடம் முன்னதாகவே. 1877-ல் அங்கே வேட்டைக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். 1879-ல் மதராஸ் அரசாங்கம் சட்டமே போட்டது. லைசென்ஸ் இல்லாமல் சுடக் கூடாது, குறிப்பிட்ட மாதங்களில் யாருமே சுடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது.

பிறகு காலம் மாறியது. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டுக் கம்பெனி பயிரிடாமல் வைத்திருந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1972-ல் நாடு முழுவதற்கும் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரவிகுளம் 1975-ல் சரணாலயம் ஆனது, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. 97 சதுர கிலோமீட்டர் பரப்பு.

2025-ல் கேரளாவும் தமிழகமும் சேர்ந்து எண்ணியபோது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்த வரையாடுகள் மொத்தம் 2,668. இவற்றில் 800-க்கும் மேல் இந்த ஒரு பூங்காவில் மட்டுமே! உலகத்தில் வேறெங்கும் இந்த ஆடு கிடையாது.

"அப்போ நான் சொல்றது சரிதானே?" என்றார் சித்தப்பா. "சுட்டவன்தான் காப்பாத்தியிருக்கான். சுடறதுக்கு ஆடு வேணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. காவல் போட்டான், சம்பளம் கொடுத்தான், ஆடு பொழச்சுது."

"அதே துரைங்கதான் கீழ இருந்த காடு பூராத்தையும் அழிச்சுத் தேயிலை போட்டாங்க தாத்தா. மேல குளிர் ஜாஸ்தி, விட்டுட்டாங்க. மிச்சம் விட்டதுக்குப் பேர் காப்பாத்தினதா?"

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதுபோல்தான் எனக்குப் பட்டது.

ஒரு ஆட்டுக்கு ஒரு லட்சம் டாலர்

டீக்கடையில் உட்கார்ந்து மகள் சொன்ன ஒரு விஷயத்தை சித்தப்பா நம்பவே இல்லை. பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்று ஒரு காட்டாடு. திருகுத் திருகாகக் கொம்பு, அந்த நாட்டின் தேசிய விலங்கு. ஒரு காலத்தில் அழியும் நிலைக்குப் போனது. பிறகு அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. வருடத்துக்கு வயதான கிடாக்கள் மிகச் சிலவற்றைச் சுட மட்டுமே அனுமதி. அந்த அனுமதியை ஏலம் விடுவார்கள். வெளிநாட்டுப் பணக்காரர்கள் ஒரு கிடாவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல்கூடக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் 80 சதவீதம் மலைக் கிராமத்துக்கு. பள்ளிக்கூடம், ரோடு, காவல்காரர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான்.

"ஊர்க்காரங்களே திருட்டு வேட்டைய நிறுத்திட்டாங்க. 2015-ல சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த ஆட்டை 'ஆபத்தான நிலை' பட்டியல்லேர்ந்து இறக்கிருச்சு."

"இதைத்தானே பாப்பா நான் காலையிலேர்ந்து சொல்றேன்!" சித்தப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இருங்க, முடிக்கல."

கனடாவின் ஆல்பர்ட்டாவில் மலைச் செம்மறிகள் இருக்கின்றன. அங்கே பெரிய கொம்பு வைத்த கிடாவாகப் பார்த்துப் பார்த்துச் சுட்டார்கள். சுமார் முப்பது வருடத்தில் அந்தக் கூட்டத்தில் பிறந்த கிடாக்களின் கொம்பே சிறுத்துப்போனது. நல்ல விதையையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன முளைக்கும்? அதே 2015-ல்தான் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கத்தை ஓர் அமெரிக்கர் பணம் கட்டி அம்பு எய்து கொன்றார். ஆராய்ச்சியாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கவனித்து வந்த சிங்கம் அது. உலகமே கொதித்தது.

ஆப்பிரிக்காவிலேயே இதற்கு ஒரே பதில் இல்லை. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. ஆனாலும், அங்கே மேய்ச்சல் நிலமும் காடும் சுருங்கச் சுருங்க விலங்குகள் குறைந்துகொண்டேதான் வந்தன. நமீபியா 1996-ல் சட்டம் திருத்தி, கிராமத்து மக்களே காட்டு விலங்குகளை நிர்வகித்து, சுற்றுலாவிலும் வேட்டையிலும் வருகிற வருமானத்தை எடுத்துக்கொள்ள வழி செய்தது. போட்ஸ்வானா 2014-ல் தடை போட்டு, 2019-ல் எடுத்துவிட்டது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேல் யானைகள். வேட்டைக் கொம்புகள் வாங்குவதைக் கட்டுப்படுத்த ஜெர்மனி யோசித்தபோது, "உங்களுக்கு 20,000 யானைகளை அனுப்புகிறேன், கூட வாழ்ந்து பாருங்கள்" என்கிற தோரணையில் 2024-ல் அந்நாட்டு அதிபரே பேசினார்.

சித்தப்பா ரொம்ப நேரம் சிரித்தார். "அந்த அதிபருக்குக் கடலைக்காடு இருக்கும்போல."

ஒன்றரை கிலோமீட்டர் கணக்கு

திரும்பும்போது போடிமெட்டில் வண்டியை நிறுத்தினோம். கீழே போடி, புள்ளி புள்ளியாக வெளிச்சம். சித்தப்பா கையை நீட்டி, "அந்தா, அந்த இருட்டு இருக்குல்ல, அதுதான் நம்ம தோட்டம்" என்றார்.

பிறகு மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார். போன மாதம் கம்பி வாங்கி வைத்திருக்கிறார். ராத்திரி வேலியில் கரண்ட் விடுவதற்கு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருட்டு மின்வேலியில் யானைகள் செத்திருக்கின்றன, மனிதர்களே செத்திருக்கிறார்கள். மாட்டினால் ஜெயில்தான்.

"தெரியும். தெரிஞ்சுதான் ஒரு மாசமா விரிக்காம வெச்சிருக்கேன். நான் என்ன பண்றதுன்னு நீங்க யாராச்சும் சொல்லுங்க."

தமிழக அரசு 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம். அதுவும் வனத்துறைதான் செய்ய வேண்டும். சித்தப்பாவின் தோட்டம் ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்தில் கோட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே 2022 முதல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவிடலாம். ஒரே மலை, ஒரே பன்றி, ஆளுக்கொரு சட்டம்.

அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். ராஜமலையில் ஆட்டைக் காப்பாற்றியது துப்பாக்கி இல்லை. ஓர் எல்லை, ஒரு கட்டுப்பாடு, சம்பளம் வாங்கிக்கொண்டு காவல் காக்க ஆள், ஆடு உயிரோடு இருந்தால் லாபம் என்று நினைக்கிற ஒருவர். இந்த நான்கும் சேர்ந்துதான் காப்பாற்றின. அன்று லாபம் வேட்டைக்காரனுக்கு. இன்று பஸ் டிக்கெட்டிலும் டீக்கடையிலும், காவலுக்கு இருக்கிற முதுவர் வீட்டு அடுப்பிலும் அந்த லாபம் இருக்கிறது. துப்பாக்கியை எடுத்த பிறகும் மற்றதையெல்லாம் விடாமல் வைத்திருந்ததால் ஆடு பிழைத்தது.

சித்தப்பாவின் தோட்டத்தில் இந்த நான்கில் எது இருக்கிறது? எல்லை பன்றிக்குத் தெரியாது. காவல்காரர் அவரேதான், சம்பளம் கிடையாது. பன்றி உயிரோடு இருப்பதில் அவருக்கு நஷ்டம் மட்டும்தான். அந்த நஷ்டத்தை அவர் ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு, ஊரில் இருக்கிற நாம் 'விலங்குகள் பாவம்' என்று சொல்வது சுலபம். சுட அனுமதிப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால், பயிர் போனால் ஒரு மாதத்துக்குள் கையில் பணம் வருமா என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

இதை நான் சத்தமாகச் சொன்னேனோ என்னவோ, மகள் திடீரென்று, "நான் ரெண்டு நாள் தாத்தாகூட இருந்துட்டு வரேன்மா" என்றாள். நஷ்டஈட்டு விண்ணப்பம் எழுதித் தருகிறாளாம். அதற்கு ஒரு நிபந்தனை, அந்தக் கம்பியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சித்தப்பா பதில் சொல்லவில்லை. ஆனால், தலையை ஆட்டினார்.

மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போன். பதறிப்போய் எடுத்தேன்.

"அம்மா, வந்துருச்சு! ஏழு பன்னி, ரெண்டு குட்டி. டின்னைத் தட்டித் தட்டிக் கையே வலிக்குது. தாத்தா சுத்தியும் பழைய சேலையைக் கட்டிவெச்சிருக்காரு, அந்தப் பக்கம் வரல. சேலை பத்தாம விட்ட மூலை வழியா நுழைஞ்சிருச்சு." மூச்சு வாங்கியது. பிறகு கேட்டாள்:

"பீரோவுல எத்தனை பழைய சேலைம்மா இருக்கு?"

*நீங்கள் போவதாக இருந்தால்: ஆடுகள் குட்டி போடும் பருவத்தில், பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ராஜமலைக்குப் பார்வையாளர்களை விடுவதில்லை. விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் கூட்டம் குறைவு. ஆடு பக்கத்தில் வந்தாலும் தொடாதீர்கள், தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள்.*