டிக்கியில் ஒரு பெட்டி

சனிக்கிழமை மத்தியானம் ஜி.பி. ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல ராசி. எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு சுற்று சுற்றி, ஒரு கடைப் பையன் கை காட்டிய சந்தில் சொருகிவிட்டு நடந்தோம். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் இந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், சீட் கவரிலிருந்து ஹார்ன் வரை காருக்கு வேண்டியது எல்லாம் உண்டு. கடைக்குள் வியாபாரம், ரோட்டோரம் வேலை. டோர் பேட் கழற்றிய கார்கள், டிக்கி திறந்த கார்கள், அவற்றுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள்.

கூட வந்தவன் அக்கா மகன், காலேஜ் இரண்டாம் வருஷம். அவனுக்கு வேண்டியது அடி. நெஞ்சில் இடிக்க வேண்டும், பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது பேஸ் கிட்டார். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பாடகருக்கு அடியில் தனியாக ஒரு கதை பேசிக்கொண்டே போகுமே, அது. என் 2019 ஸ்விஃப்டின் கதவு ஸ்பீக்கரில் அந்தக் கதை பாதிதான் காதில் விழுகிறது. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கதவில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு 80-க்குக் கீழே இறங்கினாலே மூச்சு வாங்கும்.

முதல் கடையில் சுவர் முழுக்க வூஃபர். கீழே வரிசையாக சுவிட்சுகள். ஒன்றைத் தட்டினால் ஒன்று பாடும். கவுன்டர் தம்பி ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து, "பாருங்க சார், நூத்தி அஞ்சு" என்றார். மருமகன் முகம் மலர்ந்தது. ஆனால் இந்த மாதிரி ஆப்களில் பலவும் 'ஏ' என்ற அளவுகோலில் அளப்பவை. நம் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தம் என்பதால் அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொல்லும். அந்த 105-ல் பெரும்பங்கு பாட்டின் ஜால்ராவும் குரலும். அதோடு, கடைச் சுவரில் பாடும் வூஃபர் ஒரு கூடத்துக்குள் பாடுகிறது. டிக்கிக்குள் போனதும் அது வேறு ஆளாகிவிடும். அந்தச் சுவரைப் பார்த்து வூஃபர் வாங்குவது கல்யாண ஆல்பத்தைப் பார்த்துப் பெண் பார்ப்பது போல.

அடுத்த கடையில் வாட்ஸ் திருவிழா. வூஃபர் அட்டைப் பெட்டியின் முகப்பில் உள்ளங்கை அகலத்தில் 1400 வாட். திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில், எறும்பு அளவு எழுத்தில், ஆர்.எம்.எஸ். 400. முன்னது ஒரு நொடி தாங்குவது, பின்னது நாள் முழுக்கத் தாங்குவது. பின்னதைத் தவிர எதையும் படிக்க வேண்டியதில்லை. ஆம்ப் பக்கம் இதைவிடக் கூத்து. கறுப்புச் செங்கல் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்கள், மேலே 2000 வாட் என்று பொறித்திருந்தது. நான் ஓரத்தில் எட்டிப் பார்த்தேன். சொருகியிருந்தது ஒற்றை 25 ஆம்பியர் ஃப்யூஸ். என்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் உள்ளே போவதே 350 வாட். கிளாஸ்-டி ஆம்ப் அதில் எண்பது சதவீதத்தை வெளியே விட்டால் 280. மீதி ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மேக்ஸிமம் சார்" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அப்படி இரண்டாயிரம் கிடைத்தாலும் மருமகன் நினைப்பது நடக்காது. பவரை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று படவேண்டுமானால் பத்து டெசிபல் ஏறவேண்டும், அதற்குப் பவர் பத்து மடங்கு வேண்டும்.

விஷயம் பிடிபட்டது கடைகளில் அல்ல, ரோட்டோரத்தில். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு மெக்கானிக், ஒரு செடானின் டிக்கிக்குள் தலையை விட்டிருந்தார். இரண்டு பன்னிரண்டு அங்குல வூஃபர், 'போர்ட்' என்ற காற்றுத் துளை வைத்த பெட்டி. நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு, "உக்காருங்க சார், கேளுங்க" என்று பின் கதவைத் திறந்துவிட்டார். பாட்டு வந்தது. என் சட்டைப் பொத்தான் துடித்தது. வெளியே நம்பர் பிளேட்டும் டிக்கி மூடியும் சேர்ந்து தனிக் கச்சேரி நடத்தின. "மாமா, இதான் மாமா!" என்றான் மருமகன். நான் என் போனைக் கொடுத்து ராஜா பாட்டு ஒன்றைப் போடச் சொன்னேன். பேஸ் வந்தது. ஆனால் கிட்டார்க்காரர் எந்த ஸ்வரத்தை மீட்டினாலும் ஒரே ஸ்வரம் மட்டும் எகிறிக் கேட்டது. மற்றவை அதன் நிழலில் ஒதுங்கி நின்றன.

"போர்ட் பாக்ஸ் சார். ஒரு எடத்துல டியூன் பண்ணியிருப்பான். அந்த எடம் வந்தா கொட்டும். அதுக்குக் கீழ போனா கோனுக்குப் பிடிமானம் இல்ல, லூஸ்ல ஆடும்" என்றார். நல்ல கணக்கில் அடித்த போர்ட் பெட்டி இவ்வளவு மோசமாக இருக்காது என்பதையும் அவரே சொன்னார். "ரெடிமேட்ல எல்லாருக்கும் ஒரே சட்டை தைக்கறான்."

பக்கத்தில் வேலை முடிந்து நின்ற ஒரு ஹேட்ச்பேக்கில் உட்கார வைத்தார். பத்து அங்குலம், ஒன்றே ஒன்று, போர்ட் இல்லாத சீல்டு பெட்டி. அதே பாட்டு. முதல் பத்து நொடி எனக்கு ஏமாற்றம். அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக இறங்கி ஏறுகிறது. மீட்டியது நின்றதும் சத்தமும் நிற்கிறது. ஏமாற்றம் என்று நினைத்தது இரைச்சல் இல்லாததை.

அவர் ஒன்று செய்தார். பாட்டு ஓடும்போதே நான்கு கதவையும் திறந்துவிட்டார். பேஸில் பாதி ஆவியானது போல இருந்தது. மூடினார், திரும்பி வந்தது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டருக்கு மேல் நீளம். காருக்குள் அது நீட்டிப் படுக்க இடமில்லை. அதனால் வூஃபர் அங்கே அலையை அனுப்புவதில்லை, சைக்கிள் பம்ப் மாதிரி அடைபட்ட காற்றையே அமுக்கி இழுக்கிறது. அதிர்வெண் இறங்க இறங்க கேபின் பேஸைக் கூட்டிக்கொடுக்கும். சீல்டு பெட்டியோ கீழே இறங்க இறங்க, ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்ற கணக்கில் குறைத்துக்கொண்டே போகும். பெட்டி கழிப்பதைக் கேபின் கூட்டி ஈடுகட்டிவிடுகிறது. வீட்டு ஹாலில் சோனியாகக் கேட்கும் சின்ன சீல்டு பெட்டி, காருக்குள் ஆளாவது இதனால்தான். டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே சீட் சுவர் மாதிரி நிற்கும் செடானுக்கு இந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

மருமகன் விடவில்லை. "பன்னெண்டே வைக்கலாம்ல? சின்ன பாக்ஸ்ல?" கேள்வி நியாயமானது. ஒரே அளவு சத்தம் வர, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் போதும் என்றால் 40-ல் நான்கு, 20-ல் பதினாறு. அகலக் கோனுக்கு அசைவு குறைவாகப் போதும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் காற்று போதாவிட்டால் பெட்டி அதன் கழுத்தைப் பிடிக்கும். இதை அறுபது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார் ஹாஃப்மன். 1957-ல் அமெரிக்காவில் தொடங்கிய கே.எல்.எச். ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் வரும் 'எச்' அவர்தான். பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்சம் பவரில் நிறையச் சத்தம்: இந்த மூன்றில் இரண்டை எடுத்துக்கொள், மூன்றாவதை விட்டுவிடு என்பது அவர் வகுத்த விதி.

எதை விடுவது என்பதை டிக்கிதான் முடிவு செய்தது. மெக்கானிக் டேப்பை நீட்டினார். ஸ்விஃப்டின் டிக்கி மொத்தமே 268 லிட்டர். பன்னிரண்டு அங்குலத்துக்கு உருப்படியான போர்ட் பெட்டி வைத்தால் வெளி அளவு 80 லிட்டரைத் தாண்டும். எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை 26 கிலோ அரிசி மூட்டை இந்த டிக்கியில்தான் வருகிறது. அம்மாவின் வாக்கரும் அங்கேதான் படுக்கும். பத்து அங்குல சீல்டு பெட்டிக்கு உள்ளே 20 லிட்டர் காற்று போதும், மரத்தையும் சேர்த்தால் 30 லிட்டருக்குள். நான் தலையாட்டினேன். மருமகன் ரோட்டைப் பார்த்தான்.

வூஃபர் வாங்கும்போது மெக்கானிக்கே கூட வந்து அட்டைப் பெட்டிக்குள் இருந்த தாளைக் கேட்டு வாங்கினார். "இதைத்தான் சார் முதல்ல தூக்கிப் போடுவாங்க." எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று மூன்று நான்கு எண்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் தொடங்கி, பிறகு ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய கணக்கு இது. எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். பாக்கியும் மெக்கானிக்தான் பார்த்தார். இரட்டை நான்கு ஓம் காயில்; இணையாகக் கட்டினால் இரண்டு ஓம். ஆம்ப் இரண்டு ஓமில் 300 வாட் ஆர்.எம்.எஸ். தருமா, முப்பது ஆம்பியருக்குக் குறையாமல் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பில் போடச் சொன்னார்.

வயர் வாங்கும்போது ஒரு காட்சி. கிட் ஒன்றில் சிவப்பு வயர் விரல் தடிமன், பளபள. மெக்கானிக் ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினார். செம்புக்குக் கீழே வெள்ளை. "அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு சார். உள்ள வயர் சின்னது, வெளிய சட்டை பெருசு." அப்படிப்பட்ட வயர் நிஜச் செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் கடத்தாது. சுத்தச் செம்பு வயர் இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வைத்தார். நடுவில் எங்காவது வயர் தகரத்தில் உரசினால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

மூன்று மணி நேர வேலை. இரண்டு டீ. செட்டிங் மட்டும் அரை மணி. ஆம்பில் 'கெயின்' என்றிருப்பதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகுவதுதான் வூஃபருக்கு எமன். ஒலி நுனி வெட்டுப்பட்டு, காயில் சூடேறி, ஒருநாள் டிக்கியில் கருகல் வாசனை வரும். அவர் கீழிருந்து மெல்ல ஏற்றினார். வூஃபருக்கு 80-க்கு மேல் போகாதபடி வெட்டு, கதவு ஸ்பீக்கருக்கு 80-க்குக் கீழே வராதபடி வெட்டு. கடைசியாக, "கண்ணை மூடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் ஃபேஸ் சுவிட்சைத் தட்டினார். அதுவரை டிக்கியில் தனியாக உட்கார்ந்திருந்த பேஸ் டாஷ்போர்டுக்கு வந்து பாடகர் பக்கத்தில் நின்றது. ஒரு சுவிட்ச். காசு கிடையாது.

மருமகனுக்கு ஒரு சமாதானம்: கியர் பக்கத்தில் பேஸ் நாப். திருகினால் அடி கூடும். வெலிங்டன் சிக்னல் வருவதற்குள் திருகிவிட்டான். சத்தியமாக நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கோ ஒரு தகரம் கிரீச்சிட்டது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஏற்கனவே ஃபோம் ஒட்டியாகிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருந்த ஜாக்கியைத் துணியில் சுற்றினோம். நிற்கவில்லை. பின் சீட் பெல்ட் பக்கிளைப் பிடித்துப் பார்த்தான். நிற்கவில்லை. திருவல்லிக்கேணி தாண்டும்வரை அவன் டோரில் காது வைத்தபடி வந்தான். கடைசியில் டிரைவர் பக்கக் கதவுப் பையிலிருந்து என் மூக்குக் கண்ணாடியின் தகரக் கூட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பேஸை இன்னும் ஒரு சுற்று ஏற்றினான்.