கச்சான் காற்று தரும் மணம்

கோலார் தங்கவயல் பக்கம், ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டையில் தேயிலை விளைவதில்லை. அங்குள்ள கடையில் ஆடியில் குடித்தாலும் தையில் குடித்தாலும் டீ ஏறக்குறைய ஒரே ருசிதான். பல தோட்டங்களின், பல மாதங்களின் தூளைக் கலந்து ருசியைச் சமன் செய்த பிறகே பாக்கெட் போடுகின்றன நிறுவனங்கள். மிச்சத்தைப் பாலும் சர்க்கரையும் மறைத்துவிடுகின்றன. தேயிலையில் பருவத்தை ருசிக்க மலைக்குத்தான் போக வேண்டும்.

இலங்கையின் மத்திய மலைநாடு அதற்கு ஏற்ற இடம். மேற்கே ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புள்ள. கிழக்கே பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை அடங்கிய ஊவா. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து மலை தாண்டி ஊவாவில் இறங்குகிறது. இந்த வறண்ட காற்றைக் கச்சான் என்பார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவா தேயிலையின் உச்சகாலம். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஊவாவை நனைக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, பகலில் வெயிலும் இரவில் குளிருமாக, திம்புள்ளவின் முறை வருகிறது.

மழையில் கொழுந்து மளமளவென்று வளரும், வாசனை குறையும். வறண்ட காற்றில் செடி தவிக்கிறது. கொழுந்து மெதுவாகத் துளிர்க்க, வாசனைப் பொருட்கள் அதில் செறிகின்றன. ஊவாவின் தனி மணத்துக்கு மெதில் சாலிசிலேட் முக்கியக் காரணம்; வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் மணப்பதும் இதுதான். தொழிற்சாலையில் இலையை வாட்டும்போதும் உலர்ந்த காற்று கைகொடுக்கிறது. நீலகிரியிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி இரவுகளை ஒட்டிப் பறிக்கும் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த ருசிக்கு மறுபக்கமும் உண்டு. காற்று வறண்டால் கொழும்பு ஏலத்தில் நல்ல ஊவாத் தூளுக்கு விலை ஏறும். செடியில் கொழுந்து குறையும். தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர், 19-ஆம் நூற்றாண்டு முதல் கங்காணிகள் தமிழகத்திலிருந்து அழைத்துச் சென்றவர்களின் வழிவந்த பெண்கள். குறித்த கிலோ சேராவிட்டால் நாள் முழுக்க மலையில் நின்றாலும் 'அரைப் பேர்'தான். அதாவது பாதிக் கூலி. 2021-ல் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்ந்தபோதும், பல தோட்டங்களில் அடுத்த தகராறு எத்தனை கிலோ என்பதில்தான் எழுந்தது. டீக்கு ருசி ஏறும் மாதங்களில் அவர்களின் கூடை நிறைவது கடினம்.