தேர்ந்த கைகளுக்குப் புதிய பாடம்

ஒன்றும் அறியாதவருக்கு ஒரு தொழிலைக் கற்பித்தல் எளிது. அத்தொழிலில் முப்பதாண்டு பழகியவருக்கு அதனையே வேறொரு முறையிற் கற்பித்தல் அரிது. முன்னவர் வெறுங்கையோடு வருகிறார். பின்னவர் கை நிறையப் பழக்கத்தோடு வருகிறார். அப்பழக்கம் அவருடைய செல்வம். புதிய முறை வந்து சேரும் நாளில் அச்செல்வமே சுமையாகவும் மாறிவிடுகின்றது. இதனைக் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களிற் கண்கூடாகக் காணலாம்.

தேனி மாவட்டத்தின் தென்மேற்கே, இருபுறமும் மலைகள் காவல் நிற்க, நடுவே பச்சைப் பட்டு விரித்தாற்போலக் கிடப்பது அப்பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் அதன்கண் அமைந்துள்ளன. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலிற் கலந்த பெரியாற்று நீரை, 1887ஆம் ஆண்டு தொடங்கி 1895ஆம் ஆண்டு முடிய உழைத்து அணையிட்டு, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பொறியாளர் பென்னிகுவிக். அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15ஆம் நாளில் அவ்வூர் மக்கள் பொங்கலிட்டு அவரை நினைவு கூர்கின்றனர். அந்நீரால் இரு போகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். ஆயினும் அணையில் நீர் எவ்வளவு நிற்கும் என்பது நெடுநாள் வழக்கிற்கு உரியதாயிற்று. 1979ஆம் ஆண்டில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது; 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கிக்கொள்ள இசைவளித்தது. அணையின் அளவுகோலில் ஓர் அடி ஏறினாலும் இறங்கினாலும் பள்ளத்தாக்கில் ஆயிரம் வீடுகளில் அதுவே பேச்சாகும். இத்தகைய இடத்தில், குறைந்த நீரில் நெல் விளையும் என்று ஒருவர் சொல்ல வந்தால், அவரைக் கேளாமல் அனுப்பிவிட முடியுமா?

அவ்வாறு வந்த முறையே இன்று செம்மை நெல் சாகுபடி எனப்படுவது. அதன் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. ஹென்றி டி லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே உழவர் வீட்டு இளைஞர்களுக்காக ஒரு வேளாண் பள்ளி நடத்தி வந்தார். 1983ஆம் ஆண்டில், முதிராத பதினைந்து நாள் நாற்றுக்களை ஒற்றை ஒற்றையாக நட நேர்ந்தது. பயன் கிட்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. நாற்றுக்களோ எவரும் கண்டிராத அளவிற்குத் தூர் வெடித்துக் கிளைத்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டளவில் இம்முறையை ஆராயத் தொடங்கிற்று. பின்னர் அரசினர் அதனை மாவட்டந்தோறும் பரப்பினர். முதலில் திருந்திய நெல் சாகுபடி என்றனர். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டில் ராஜராஜன் 1000 என்றும் பெயரிட்டனர். பெயர் எத்துணை மாறினும் வயலிற் களை குறைவதில்லை. ஆதலால் பெயரை விடுத்து முறையைக் காண்போம்.

பழைய முறையில், இருபத்தைந்து முதல் முப்பது நாள் வளர்ந்த நாற்றைப் பறித்து, வேரை அலசி, முடியாகக் கட்டி வயலில் வீசுவர். நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பர். இடக்கை முடியை ஏந்தும். வலக்கை மூன்று நான்கு நாற்றுக்களைப் பிரித்தெடுத்துச் சேற்றில் ஆழ ஊன்றும். கால்கள் பின்னோக்கி நகரும். அங்கே கண் அளப்பதில்லை, விரலே அளக்கின்றது. பேச்சும் சிரிப்பும் குலவையுமாகப் பொழுது போகும். வேலை தானே நடக்கும்.

புதிய முறை இவற்றுள் எதனையும் விட்டுவைக்கவில்லை. ஏக்கருக்கு இருபது கிலோவிற்கு மேல் விதைத்த இடத்தில் இரண்டு முதல் மூன்று கிலோ விதையே போதும் என்றது. எட்டு சென்ட் நாற்றங்காலை ஒரு சென்ட் ஆக்கிற்று. பதினான்கு நாள் நாற்றை, வேர்மண் உதிராமல் எடுத்து, குத்துக்கு ஒன்றாக, ஆழம் போகாமல் மேலாக வைக்கச் சொல்லிற்று. குத்துக்குக் குத்து இடைவெளி எப்பக்கமும் 25 செ.மீ. இருத்தல் வேண்டும். அதாவது ஒரு சதுர மீட்டரில் ஐம்பது குத்து இருந்த இடத்தில் பதினாறே குத்து. நீரும் எப்பொழுதும் தேங்கி நிற்கலாகாது; மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றிய பின்னர் இரண்டரை செ.மீ. உயரத்திற்குப் பாய்ச்சினாற் போதும். களையைக் கையாற் பறிக்காமல், கோனோவீடர் என்னும் உருளைக் கருவியை வரிசைகளின் இடையே தள்ளி, களையைச் சேற்றிலேயே மடக்கி உரமாக்குதல் வேண்டும். நீர் வடிந்து வடிந்து பாய்வதாலும் கருவி மண்ணைக் கிளறுவதாலும் வேருக்குக் காற்று கிடைக்கின்றது. இளநாற்று கிளைக்கும் ஆற்றலை இழக்குமுன் வயலில் இடம்பெறுகின்றது. காரணம் இவ்வளவே.

காரணத்தைச் சொல்லி விளங்க வைக்க ஒரு நாழிகை போதும். கைக்குச் சொல்லி விளங்க வைப்பதே நெடிய வேலை. முப்பதாண்டு நட்ட பெண்ணின் விரல்கள் முடியைத் தொட்டவுடன் மூன்றை எடுக்கின்றன. "ஒன்றே ஒன்று, அம்மா" என்று அலுவலர் கூறுவார். "ஒன்று செத்துப் போனால் அந்த இடம் பொட்டலாகிவிடுமே, தம்பி" என்பாள் அவள். அவள் கேள்வி அறியாமையின் கேள்வி அன்று. நண்டு வெட்டும், நத்தை தின்னும், வெள்ளம் அடிக்கும் என்பனவெல்லாம் கண்டவள் கேட்கும் கேள்வி அது. ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவாகக் கூலி பேசி நடுபவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. புதிய முறை கைவரும் வரையில் வேலை மெல்ல நடக்கும். மெல்ல நடந்தால் அன்றைய வருவாய் குறையும். கற்றுக்கொள்பவர் தம் கூலியைச் செலவிட்டுக் கற்க வேண்டுமெனில், கற்பிக்க வந்தவர் அதனையும் எண்ணிப் பார்த்தல் முறையன்றோ? திட்டங்கள் வகுப்போர் பலர் இதனை மறந்தனர்.

நிலத்துக்கு உரியவர் பாடு இன்னும் கடுமையானது. நட்டு இருபது நாள் வரை வயல் வெறிச்சென்று கிடக்கும். வரப்பில் நடப்பவர் நின்று பார்த்து நகைப்பர். தவறினால் ஒரு போகம் போயிற்று. வாங்கிய கடன் நின்றது. அந்த இருபது நாளும் அவர் எவ்வாறு உறங்கினார் என்பதை எந்தக் கையேடும் எழுதவில்லை.

ஆகவேதான் இப்பயிற்சி அறைக்குள் நடவாமல் வயலில் நடந்தது. இதற்கு முன்னோடி உழவர் வயல்வெளிப் பள்ளி. புகையான் என்னும் பூச்சியால் நெல் அழிந்த இந்தோனேசியாவில், 1989ஆம் ஆண்டில் அப்பள்ளி தோன்றிற்று. ஏறத்தாழ இருபத்தைந்து உழவர்கள் ஒரு போகம் முழுவதும் வாரந்தோறும் வயலிற் கூடி, பயிரையும் பூச்சியையும் தாமே எண்ணி, வரைந்து, விவாதித்து முடிவு காண்பர். ஆசிரியர் விடையைச் சொல்வதில்லை. வினாவைத் திருப்பி அவர்களிடமே விடுவார். தமிழ்நாட்டிலும் இவ்வழி பரவிற்று. செம்மை நெல்லுக்கு வந்தபோது, முடிச்சிட்ட கயிற்றையோ கோடிடும் கருவியையோ பெண்கள் கையிலேயே கொடுத்து, ஒரு மூலையில் மட்டும் நட்டுப் பார்க்கச் செய்வதே நல்ல பயிற்சியாளர் கொண்ட வழி. நாட்பட நாட்பட, அம்மூலையில் ஒரே நாற்று முப்பதுக்கு மேல் தூர் வெடித்து நிற்பதைக் கண்டபின் அவர் பேச வேண்டுவது ஒன்றும் இல்லை.

இஃது உழவுக்கு மட்டும் உரிய நிலை அன்று. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இதே துன்பத்தை அறிவர். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குச் செயலி இயற்றுவோர் முதலில் எக்லிப்ஸ் என்னும் பணிக்கருவியில் தேர்ந்திருந்தனர். கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்னும் புதியதொன்றை 2013ஆம் ஆண்டில் அறிவித்து, 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் முதல் நிறைபதிப்பை வெளியிட்டது. 2015ஆம் ஆண்டு இறுதியோடு எக்லிப்ஸுக்குரிய தன் கருவிகளைக் கைவிட்டது. எக்லிப்ஸில் கன்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தினால் ஒரு வரி அழியும். ஸ்டுடியோவின் இயல்பான அமைப்பில் அதே விசைகள் அவ்வரியை இரட்டிக்கும். பல்லாண்டு பழகிய விரல், அழிப்பதாக எண்ணிப் பெருக்கிக்கொண்டே போவதை எண்ணிப் பாருங்கள்! நடவுப் பெண்ணின் விரல் மூன்று நாற்றை எடுத்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அக்கருவியை ஆக்கியோர் இதனை உணர்ந்தே, எக்லிப்ஸின் விசைமுறையையும் ஒரு தெரிவாக உள்ளே வைத்தனர்; பழைய பணியை அப்படியே புதியதற்குள் கொணரவும் வழி செய்தனர். அத்தகையோர்க்குப் பயிற்சி நடத்துவோர், எழுத்தும் விசையும் தொடக்கத்திலிருந்து விளக்கத் தொடங்கினால் அவர்கள் கொட்டாவி விடுவர். அவரவர் பழைய பணியை அங்கேயே திறந்து இயக்கச் சொன்னால் விழித்துக்கொள்வர்.

கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்த பயன் ஒரு தன்மையதன்று. முறை முழுவதையும் மேற்கொண்டோர் சிலரே. பலர் அதனை உடைத்துத் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டனர். இளநாற்றையும் வரிசை நடவையும் ஏற்றவர் நீர்முறையை விட்டார். வாய்க்காலில் முறை வைத்து நீர் வரும் இடத்தில், வெடிப்பு வரும்வரை காத்திருந்து அடுத்த முறையைத் தவறவிட யார் துணிவர்? கருவி தள்ளத் தோள் வலிக்கிறது என்று ஒரு முறையோடு நிறுத்தியவரும் உண்டு. நடவு இயந்திரம் வந்தபின் அதன் பக்கம் சென்றோரும் உளர்.

நடவுப் பெண்களும் தமக்கென ஒரு தீர்ப்பு வழங்கினர். வயலின் நடுவே சொன்னபடி ஒற்றை நாற்று. வரப்போரத்தில், நண்டு வெட்டும் இடங்களில் மட்டும் இரண்டு. நன்கு பழகிய பயிற்சியாளர் அதனைக் கண்டும் காணாதவர்போல் அடுத்த வரிசைக்குக் கயிற்றை நகர்த்துவார்.