தட்டியது நம்முடைய கதவைத்தான்



போன வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், விறாந்தையில் என் பழைய மாணவி ஒருத்தியும் அவளுடைய வாப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் மடியில் லெப்டொப். அழுதிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஓ.எல். வகுப்பில் நான் ஐ.சி.டி. படிப்பித்த பிள்ளை, இப்போது குருநாகலில் டிப்ளோமா செய்கிறாள். கொழும்பில் ஒரு கம்பனிக்கு மென்பொருள் பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். கலேவெலயில் வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால்தான் வாப்பாவும் சம்மதித்தாராம். கம்பனி ஒரு பயிற்சியைக் கொடுத்து, திங்கட்கிழமை காலைக்குள் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறது.

"சேர், லைசென்ஸ் சேவரோட கனெக்ட் ஆகுதில்ல. மூணு நாளா இதுதான்."

"டேட்டா பத்தாதாக்கும் எண்டு ரெண்டு தரம் ரீலோட் போட்டேன் சேர்" என்றார் வாப்பா. கூலி வேலை செய்கிற மனுஷன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் போனில் பேங்க் மிச்சத்தைப் பார்க்கும்போது, போனில் உள்ள மென்பொருள் பேங்க் கணினியிடம் ஒரு கேள்வி கேட்கிறது, அது பதில் தருகிறது. இந்தக் கேள்வி பதிலுக்குப் பெயர் வெப் சேர்விஸ். பதில் சரியாக வருகிறதா என்று சோதிக்க சோப்யூஐ என்ற மென்பொருள் 2005 முதல் இருக்கிறது. அது இலவசம். அதே குடும்பத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ரெடி ஏபிஐ என்பதும் இருக்கிறது, அதற்கு 14 நாள் சோதனைக் காலம் உண்டு. பிள்ளை எடுத்திருந்தது இரண்டாவதை.

முதலில் நானும் பிழையான இடத்தில்தான் தேடினேன். கணினியில் திகதி பிழைத்தால் லைசென்ஸும் பிழைக்கும், பாதுகாப்பான இணைப்பும் கிடைக்காது. திகதி சரியாக இருந்தது. யூடியூப் ஓடியது, ஆகவே இன்டர்நெட்டிலும் குறை இல்லை. பிறகுதான் திரையில் இருந்த செய்தியை ஒழுங்காக வாசித்தேன்: "கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்".

கனெக்ட் ஆகவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு விஷயங்கள். "அன்நோன் ஹோஸ்ட்" என்றால் விலாசமே கிடைக்கவில்லை. "டைம்ட் அவுட்" என்றால் கதவைத் தட்டித் தட்டி நின்றும் ஒரு சத்தமும் இல்லை. "ரிஃபியூஸ்ட்" அப்படியல்ல. அங்கே ஒரு கணினி இருக்கிறது, அந்தக் கதவு மட்டும் சாத்தியிருக்கிறது என்று அதுவே பதில் சொல்கிறது. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பதில் இரண்டு செக்கனில் வந்தது. எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற சேவர், நம்ம ஊர் சிக்னலில், ஒவ்வொரு தரமும் இவ்வளவு வேகமாகவா மறுக்கும்?

பிங் போட்டுப் பார்த்தேன். சேவரின் விலாசம் என்று வந்தது 127.0.0.1. அது எந்தக் கணினியிலும் "நான்தான்" என்று அர்த்தப்படும் விலாசம். மூன்று நாளும் அந்த லெப்டொப் தன்னுடைய கதவையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"மகள், இதுக்கு முதல் இதே மென்பொருளை வேற யாரும் போட்டாங்களா?"

தலையைக் குனிந்தாள். லெப்டொப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கிய கடையில் 'ஃபுல் வேர்ஷன்' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது வேலை செய்யாமல் போனதும் கழற்றிவிட்டு, கம்பனியின் தளத்திலிருந்தே முறையான சோதனைப் பதிப்பை இறக்கியிருக்கிறாள். ஆனால் கிராக் போட்டவர்கள் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தார்கள். லைசென்ஸ் சேவரைத் தேடினால் வெளியே போகாதே, இங்கேயே திரும்பு என்று. களவு பிடிபடாமல் இருக்கச் செய்த வேலை. மென்பொருளைக் கழற்றினாலும் அந்த வரிகள் போகாது. இப்போது நேர்மையாகப் போக நினைத்த பிள்ளைக்கும் வழி மறித்தது.

நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இரண்டு வரியையும் அழித்து, டிஎன்எஸ் நினைவையும் துப்புரவாக்கினோம். லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் கேள்வியை அனுப்பினால் இப்போது "டைம்ட் அவுட்". அது சின்ன விஷயம்: கல்லூரி லேப்பில் போட்ட ப்ரொக்ஸி செட்டிங் அப்படியே இருந்தது. எடுத்துவிட்டதும் பதில் வந்தது. பயிற்சியைப் பார்த்தால் இலவச சோப்யூஐயே தாராளம். அதையும் போட்டுக் கொடுத்தேன், 14 நாள் முடிந்த பிறகு மறுபடி கடைக்குப் போகக் கூடாதே.

இடையில் அவளுக்கு ஒன்று சொன்னேன். அவள் திறந்து வைத்திருந்தது டபிள்யூ.எஸ்.டி.எல். ஃபைல். 2001 இல் வெளிவந்த அதன் 1.1 பதிப்பில் பெயர் போட்ட நால்வரில் ஒருவர் நம் நாட்டு சஞ்சீவ வீரவரண, பிறகு டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை ஆரம்பித்தவர். "நம்மட ஆளா சேர்?" என்று அப்போதுதான் சிரித்தாள்.

வாப்பா போகும்போது தயங்கிக் கேட்டார்: "ஊரே இதத்தானே போடுது. ஹராமா சேர்?"

நான் ஆலிம் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஆ பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டமும் கணினி மென்பொருளைப் பாதுகாக்கிறது. மிச்சத்தைப் பள்ளியில் ஹஸ்ரத்திடம் கேளுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்குத்தான் உள்ளே ஒரு மாதிரி இருந்தது.

இஷாவுக்குப் பிறகு என்னுடைய லெப்டொப்பைத் திறந்தேன். பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் ஒரு நண்பன் போட்டுத் தந்த ஒஃபிஸில்தான் இத்தனை வருடமும் தவணைப் பரீட்சைத் தாள் அடிக்கிறேன். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் என்னுடையதிலும் மூன்று வரி இருந்தது.

இப்போது லிப்ரே ஒஃபிஸ் போட்டிருக்கிறேன். பழைய தாள்களில் அட்டவணைகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளை ஞாயிறு இரவே பயிற்சியை அனுப்பிவிட்டாள், இன்னும் பதில் வரவில்லை. துஆ செய்யுங்கள். இதே பிரச்சினை உள்ள பிள்ளைகள் சனிக்கிழமை அசருக்குப் பிறகு லெப்டொப்பைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம். காசு வேண்டாம்.