அடிக்கணக்கில் வராத வேலை

கோவை, திருப்பூர்ப் பக்கம் வீட்டு போர்வெல்லில் மோட்டார் இறக்குகிறவர்கள் கூலி பேசும்போது, பேச்சு அடிக்கணக்கில் தொடங்கி அடிக்கணக்கிலேயே முடிகிறது. போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை குழாய் இறங்கும், புதிதாக மாட்டுவதா, பழசைக் கழற்றி மாட்டுவதா, அவ்வளவுதான். எர்த் இருக்கிறதா, பேனல் போர்டு மழை படாத இடத்தில் வருமா, போர் வாய்க்கு மூடி யார் போடுவது என்ற கேள்விகளை வீட்டுக்காரரும் கேட்பதில்லை, வேலைக்காரரும் எழுப்புவதில்லை. இந்த வேலைகளை அருகே நின்று பார்த்ததில் எனக்குப் படுவது ஒன்று. மோட்டாரால் ஷாக் அடித்தது என்று கேள்விப்பட்டதும் 'ஆட்களோட அலட்சியம்' என்று முடித்துவிடுகிறோமே, அந்தக் காரணம் பாதிகூட உண்மையில்லை. கூலிக்குள் அடங்கிய வேலை அவ்வளவு நேர்த்தியாக நடக்கிறது. கூலிக்கு வெளியே நிற்கும் வேலைதான் யார் கையிலும் இல்லாமல் விடுபடுகிறது.

நேர்த்திக்குச் சாட்சி வேண்டுமென்றால் கேபிள் ஜாயிண்ட் போடும் கையைப் பார்க்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் குட்டைக் கேபிளையும் மேலே போகும் தட்டைக் கேபிளையும் இணைக்கும் இடம் அது. ஆயுள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கப்போவது. மூன்று கம்பிகளையும் ஒரே நீளத்தில் வெட்டமாட்டார்கள். ஒன்றைவிட ஒன்று இரண்டு விரற்கடை தள்ளி வரும்படி வெட்டுவார்கள், மூன்று முடிச்சும் பக்கத்தில் பக்கத்தில் அமராமலிருக்க. செம்பை பிளேடால் பளபளக்கும்வரை சுரண்டி, முறுக்கி, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று ஏறும்படி சுற்றி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார்கள். அதன்மேல் பி.வி.சி. டேப். சிலர் ஜாயிண்டை வாளித் தண்ணீரில் முக்கிச் சோதித்த பிறகுதான் இறக்குகிறார்கள். நீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் திருகைக் கழற்றி நல்ல தண்ணீர் ஊற்றி, சாய்த்து, காற்றுக் குமிழி வெளியேறியதும் மறுபடி ஊற்றி நிறைப்பார்கள். உள்ளே சுழலும் தண்டின் பாரத்தைத் தாங்கும் கார்பன் பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் எண்ணெய்.

குழாய் இறக்குவதும் அப்படியே. போர் மேல் நட்ட மூணுகாலில் தொங்கும் சங்கிலி மேல் கிளாம்ப்பின் பாரத்தை முழுக்க வாங்கிக்கொண்ட பிறகே கேசிங் வாயில் உட்கார்ந்திருக்கும் கீழ்க் கிளாம்ப்பைத் தளர்த்துவார்கள். ஒன்றேகால் அங்குலக் குழாயில் 300 அடிக்கு நிற்கும் தண்ணீர் மட்டுமே 70 கிலோ வரும். மோட்டார், பம்ப், குழாய் எடை தனி. கை நழுவினால் எல்லாம் போருக்குள். இத்தனை கவனத்துக்கும் காரணம் எளிது. ஜாயிண்டில் தண்ணீர் ஏறினாலோ மோட்டார் உள்ளே விழுந்தாலோ மறுநாள் அதே ஆட்கள் அத்தனை குழாயையும் மறுபடி ஏற்றி இறக்க வேண்டும், கூலியில்லாமல். எர்த் இல்லாவிட்டால் அவர்களுக்கு எந்தப் போன்காலும் வராது. மோட்டார் ஓடும், தண்ணீர் கொட்டும். பாதிப்பு வெளிப்படும் நாளில் அவர்கள் வேறெங்கோ மூணுகால் நட்டுக்கொண்டிருப்பார்கள்.

எர்த் விஷயத்தில் வீட்டுக்காரர் ஏமாறுவதற்கு அந்தத் தட்டைக் கேபிளே ஒரு காரணம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பி இருப்பதைப் பார்த்ததும், மிக்சியின் மூன்று பின் பிளக் போல இதிலும் ஒன்று எர்த் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிங்கிள் பேஸ் மோட்டாரில் அந்த மூன்றும் ரன், ஸ்டார்ட், காமன். மூன்றிலும் கரண்ட், எர்த்துக்கென்று ஒரு கம்பியும் கீழே போவதில்லை. ஜி.ஐ. குழாய் இருந்த காலத்தில் மோட்டாரின் உடம்பும் நிலத்துக்கு மேலுள்ள இரும்பும் அந்தக் குழாயாலேயே ஒன்றாக இணைந்திருந்தன. கிளாம்ப்பில் ஒரு எர்த் கம்பியைக் கட்டினால் அடிவரைக்கும் இணைப்பு கிடைத்தது. யு.பி.வி.சி. குழாயும் நைலான் கயிறும் வந்ததும் அது அறுந்தது. பழைய இரும்பே மேல் என்று நான் சொல்லவரவில்லை. 20 அடி இரும்புக் குழாயை நிமிர்த்தும்போது மேலே போகும் மின்கம்பியில் பட்டு ஆள் சாகிற அபாயத்தை, 10 அடி பிளாஸ்டிக் குழாய் பெரிதும் குறைத்திருக்கிறது. துருவும் இல்லை, தூக்கவும் லேசு. ஆனால் இரும்பு தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது யாராவது தனியாகச் செய்தாக வேண்டும் என்பது கூலிப் பேச்சில் ஏறவேயில்லை.

'மோட்டார் 300 அடிக்குக் கீழே கிடக்கிறது, அங்கே லீக் ஆனால் யாருக்கு என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அடியில் கசியும் மின்சாரம் பெரும்பாலும் சுற்றியுள்ள நீரிலும் பாறையிலும் இறங்கிவிடும். ஆள் கை படுவதெல்லாம் மேலேதான்: கிளாம்ப், இரும்பு கேசிங், டெலிவரி வளைவு, பேனல் போர்டின் தகரப் பெட்டி. கேபிள் வெளியே வருவது கேசிங்கின் விளிம்பை உரசிக்கொண்டுதான். ஸ்விட்ச் போடும்போதெல்லாம் மோட்டார் ஒரு வெட்டு வெட்டித்தான் சுழலத் தொடங்கும். அந்த அசைவு குழாய் வழியே மேலேறி, கேபிளை விளிம்பில் ஒரு நூலளவு தேய்க்கும். வருஷக்கணக்கில் தேய்ந்தால் உறை கிழிந்து இரும்பில் கரண்ட் ஏறும். பக்கத்துத் துணி துவைக்கும் கல்லில் ஈரக்காலோடு ஒருவர் நின்றிருப்பார். விளிம்பை அரத்தால் ராவி, கேபிள் வரும் இடத்தில் ஒரு துண்டு ஹோஸைச் செருகிவிடுவது சில நிமிஷ வேலை. அடிக்கணக்கில் அதற்கு இடமில்லை.

அடுத்த சமாதானம், லோடு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. ஸ்விட்ச். 'ஏதாவது ஆனா அது டிரிப் ஆயிடுமுங்க' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். காய்ந்த செம்மண்ணும் பாறையுமாக உள்ள இடத்தில் இது சாதாரணம். 230 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஓர் ஆம்பியரில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லியாம்பியர் அளவிலேயே, பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடலாம். ஆகவே எர்த் குழி வெட்டினால் மட்டும் போதாது. வெளியே கசிவதை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மோட்டார் லைனுக்குத் தனியாக வேண்டும். எர்த் அமைக்கும் முறையை ஐ.எஸ். 3043 தரம் விவரமாகவே சொல்கிறது. விதி இல்லாமலில்லை, அதைச் செய்ய ஆள்தான் அமர்த்தப்படவில்லை.

ஆர்.சி.சி.பி. மாட்டியவர்கள் சொல்லும் குறையையும் ஒதுக்கிவிட முடியாது. 'சும்மா சும்மா விழுது' என்று சலித்து, கடைசியில் அதைத் தாண்டி நேரடியாக ஒயரை இழுத்துவிடுகிறார்கள். நீளமான கேபிளில் இயல்பாகவே சிறு கசிவு இருக்கும் என்பது நிஜம். ஆனால் அடிக்கடி விழுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜாயிண்டையும் வைண்டிங்கையும்தான். இறக்கும் முன்பும் இறக்கிய பின்பும் இன்சுலேஷன் தடையை மெகர் கருவியில் அளந்து குறித்துவைத்திருந்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது என்பது தொழிலில் பரவலாக உள்ள கணக்கு. புது மோட்டாரும் புதுக் கேபிளும் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். மெகர் ஒன்றும் கிடைக்காத கருவியில்லை. பல குழுக்களிடம் அது இல்லாததற்குக் காரணம், அளந்து சொல் என்று யாரும் காசு கொடுத்துக் கேட்காததே.

அப்படியானால் இது எலக்ட்ரீஷியன் வேலைதானே என்று கேட்கலாம். கேட்டால் அவர், பேனல் போர்டு மோட்டாரோடு வந்தது, மோட்டார்க்காரர்கள் மாட்டியிருப்பார்கள் என்பார். அவர்கள் மெயின் லைன் வீட்டு எலக்ட்ரீஷியன் பொறுப்பு என்பார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. போர் வாய் மூடியும் இதே இடைவெளியில்தான் விழுகிறது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2010இல் தந்த வழிகாட்டலிலேயே, பம்ப் பழுதுபார்க்கும்போது கிணற்றைத் திறந்து போடக் கூடாது என்று இருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை விழுந்து இறந்தது பயன்படாமல் கிடந்த போரில். அதன் பிறகு பயன்படாத போர்களைப் பற்றி நிறையப் பேசினோம். ரிவைண்டிங்குக்கு மோட்டார் போய்விட்டுத் திரும்பும்வரை, சாக்குப் பை போர்த்தி ஒரு செங்கல் வைத்த நிலையில் கிடக்கும் 'ஓடுகிற' போர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கூடுதல் கூலி கேட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார் என்று குழுத் தலைவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அதனால்தான் இதை அவர்கள் மனசாட்சியிடம் விட்டுவிட முடியாது என்கிறேன். மோட்டார் விற்கும் கடையே மெகர் அளவு, எர்த், ஆர்.சி.சி.பி., விளிம்புக் காப்பு, போல்ட் போட்ட மூடி எல்லாவற்றையும் ஒரே பில்லில் தனி வரியாகப் போட்டு, அந்தத் தாள் இருந்தால்தான் வாரண்டி என்று வைக்கலாம். அதுவரை வீட்டுக்காரர் கையில் இருப்பது கடைசித் தவணைப் பணம். இப்போது தண்ணீர் கொட்டியதும் அது கைமாறிவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் விழட்டும், ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய பட்டனை அழுத்தி, ஓடுகிற மோட்டார் உடனே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாக்கியை எண்ணிக் கொடுக்கலாம்.